அடுப்புக்காரர் நடத்திய பாடம்

மாவுக்காரர் துவைத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பறை வாசலில் வந்து நின்றதுமே அடுப்புக்காரர் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டேன் அண்ணே. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"இப்பவேவா?"

"இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரே."

அந்த பேக்கரிக்கு மேனேஜர் புதியவர். காலையில்தான் எல்லாரையும் கூட்டி வைத்து, "தெரிஞ்சதைப் பூட்டி வைக்கக் கூடாது, பகிர்ந்துக்கணும்" என்று ஆரம்பித்தார். மாவு பிசைகிறவர் அடுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும், அடுப்பைப் பார்க்கிறவர் மாவைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். யார் தட்டவில்லை என்று மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அடுப்புக்காரரும் தட்டி வைத்தார்.

அந்த அடுப்பு ஒரு சண்டி. பின்பக்கத்து இடது மூலையில் மட்டும் சூடு அதிகம். பாதி வெந்ததும் கதவைத் திறந்து தட்டுகளைத் திருப்பி வைக்காவிட்டால் ரொட்டி ஒரு பக்கம் கரியாகும், மறுபக்கம் களியாகும். அடுப்புக்காரர் சேர்த்து வைத்த சொத்து இந்த ரகசியம் ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் தன்னை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

"தலை வலிக்குது தம்பி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவரை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

"எங்க அண்ணனும் இப்படித்தான் விவரமா, விளக்கமா சொல்லிக் கொடுத்தான்" என்றாள் அவள். "கத்துக்கிட்டவன் இன்னும் அந்தக் கம்பெனில இருக்கான். எங்க அண்ணன் நம்ம சோபால இருக்கான்."

"ஆமா மாப்பிள்ளை" என்று ஹாலிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

"சொல்லித் தர மாட்டேன்னா நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"சொல்லிக் கொடுங்க. சரியாச் சொல்லிக் கொடுக்கணும்னு யார் சொன்னா?"

மறுநாள் அடுப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. தட்டை உள்ளே வெச்சுட்டா, வெந்து முடியற வரைக்கும் கதவைத் தொடவே கூடாது. தொட்டா சூடு கலைஞ்சிடும்."

"தொட மாட்டேன் அண்ணே" என்று மாவுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவர் அப்படி நம்பியதுதான் அடுப்புக்காரரை அறுத்தது. மதியம் மாவு அறையில் தன் முறை வந்தபோது இன்னும் மோசம். மாவுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, கண் கலங்க, அவர் காதருகே வந்து சொன்னார்.

"ஈஸ்ட்டையும் உப்பையும் முதல்ல ஒண்ணாப் போட்டு ஊற வைக்கணும் அண்ணே. நல்லா ஊறினப்புறம்தான் மாவு. இதை நான் இதுவரைக்கும் யாருக்குமே சொன்னதில்லை."

இப்படிப்பட்ட மனிதனுக்கா துரோகம் செய்தோம் என்று அடுப்புக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வார முடிவில் மேனேஜர் முகமெல்லாம் பல்லாக வந்தார். "உங்க ரெண்டு பேரைப் பத்தி முதலாளிகிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமை நேர்ல வர்றார். அன்னைக்கு நீங்க மாவு பிசையறீங்க, இவர் சுடறார். ஐயா அந்த ரொட்டியைச் சாப்பிட்டுப் பார்ப்பார்."

அடுப்புக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரொட்டி கருகும். ஏன் என்று முதலாளி கேட்பார். 'அண்ணன் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்' என்று மாவுக்காரர் பச்சைக் குழந்தை மாதிரி சொல்வார். வேலை போய்விடுமோ என்று பயந்து செய்த காரியத்தாலேயே வேலை போகப் போகிறது. சோபாவில் மச்சானுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றுகூட யோசித்துப் பார்த்தார். மச்சான் காலை நீட்டித்தான் உட்காருவார்.

உடனே மாவுக்காரரைத் தேடிப் போனார்.

"தம்பி, யோசிச்சுப் பார்த்தேன். நடுவுல ஒரு தடவை கதவைத் திறந்து தட்டைத் திருப்பினா ஒண்ணும் தப்பில்லை."

மாவுக்காரர் சிரித்தார். "சோதிக்கிறீங்களா அண்ணே? நான் ஏமாற மாட்டேன்."

"சோதனை இல்லப்பா. நிஜமாத்தான் சொல்றேன்."

"முதலாளி எதிர்ல நான் தடுமாறக் கூடாதுன்னு கேட்கறீங்க. தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது."

அதோடு விட்டாலும் பரவாயில்லை. அண்ணன் பாடமும் நடத்தி, பரீட்சையும் வைக்கிறார் என்று மேனேஜரிடம் போய்ப் புகழ்ந்துவிட்டார். மேனேஜர் வந்து அடுப்புக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெந்த ரொட்டியைவிட அந்தக் கைதான் அவருக்கு அதிகம் சுட்டது.

திங்கட்கிழமை வந்தது. அடுப்புக்காரர் மாவு அறைக்குள் நுழைந்து, உப்பையும் ஈஸ்ட்டையும் பயபக்தியோடு ஒன்றாகக் கலந்து ஊற வைத்தார். இந்த வேலையிலாவது நேர்மையாக இருந்து பாவத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மாவைப் பிசைந்து மூடி வைத்தார். நேரம் போயிற்று. மூடியைத் தூக்கிப் பார்த்தார். மாவு போட்டது போட்டபடி படுத்திருந்தது. உப்பவே இல்லை.

எங்கே தவறினோம்? தண்ணீரா, பிசைந்த விதமா? வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இருந்த மாவை அச்சுகளில் அடைத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் இடது மூலையிலிருந்து கருகல் வாசனை கிளம்பியது. உலகத்திலேயே அவருக்கு மட்டும் தெரிந்த வாசனை அது. பொறுக்க முடியாமல் அடுப்பறைக்கு ஓடினார். மாவுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் சிலையாக நின்றிருந்தார்.

"தம்பி, கதவைத் திற. தட்டைத் திருப்பு."

"மறுபடியும் பரீட்சையா அண்ணே?"

"பரீட்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொல்லிக் கொடுத்தது பொய். உனக்குத் தெரிஞ்சுட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து பொய் சொன்னேன். மன்னிச்சிடு."

மாவுக்காரர் கோபப்படவில்லை. அடுப்புக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். ஓட்டுச் சில்லுகளைப் போலத் தட்டையாகக் கிடந்த ரொட்டிகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அண்ணே, உப்பையும் ஈஸ்ட்டையும் ஒண்ணாப் போட்டு ஊற வெச்சீங்களா?"

"நீ சொன்ன மாதிரியேதான் வெச்சேன்."

"ஐயோ. நேரா உப்பு பட்டா ஈஸ்ட் செத்துடும் அண்ணே."

அடுப்புக்காரருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள். அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார், பின்னாலேயே மேனேஜர்.

மாவுக்காரர் எழுந்து தட்டை வெளியே இழுத்து வைத்தார். முதலாளி அதிலிருந்து ஒரு ரொட்டியைத் துணியால் எடுத்து மேஜையில் தட்டினார். மேஜை அதிர்ந்தது. ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன இது?"

அடுப்புக்காரர் முன்னால் வந்தார். "ஐயா, நான் இவருக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். வேலை போயிடும்னு பயம்."

"நானும் அண்ணனுக்குத் தப்பாத்தான் சொல்லிக் கொடுத்தேன் ஐயா. எனக்கும் அதே பயம்" என்றார் மாவுக்காரர்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"மேனேஜர், பயந்து கிடக்கறவங்களை ஜோடி போட்டு விட்டா இப்படித்தான் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? யார் கொடுத்த யோசனை இது?"

மேனேஜர் ஒரு அடி பின்வாங்கினார்.

"ஐயா, போன மேனேஜரை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போகச் சொன்னீங்களே, அப்போ அவர் சொல்லிக் கொடுத்ததுதான்."