முட்டைப் பிரியர்

"என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க" என்று மனைவியிடம் சொன்னார் ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர்.

விஷயம் இதுதான். அவர் வேலை பார்க்கும் நிறுவனம் பெரிய முட்டை ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்குகிறது. அதில் சேருகிறவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பழக்கத்தைக் தேர்வுக் குழுவின் முன்னால் சொல்லியாக வேண்டும். முட்டை உடம்புக்கு ஆகாது என்று எழுதிப் பேர் வாங்கியவர் இவர். முட்டையைக் கண்டாலே இவருக்குக் குமட்டும் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நம்பியிருந்தார். சின்ன வயதில் அப்பா மூக்கைப் பிடித்துப் பச்சை முட்டையை வாயில் ஊற்றியதன் பலன்.

"உள்ளதைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"சொன்னா, நாக்கை வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்கான்னு சொல்லுவாங்க."

அது வெறும் பழியாக இருந்தால் இத்தனை பயம் இருந்திருக்காது. முடிவு இழுபறியாக வந்தபோதெல்லாம் குற்றத்தை முட்டையின் தலையில் கட்டியது அவருக்கே நினைவுக்கு வந்தது.

ஒரே நாளில் முட்டைப் பிரியராகிவிடுவது என்று முடிவு செய்தார். அன்று மதியம் கேன்டீனில் எல்லோரும் பார்க்க ஓர் அவித்த முட்டையை மெல்லாமல் விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. ஏன் அழுகிறீர்கள் என்று கேன்டீன்காரர் விசாரிக்க, ருசி தாங்கவில்லை என்று சொல்லித் தொலைத்தார். பூரித்துப்போன அந்த மனிதர் இன்னும் இரண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சேதி மேலே போய்விட்டது. மறுநாள் குழு அறைக்குள் நுழைந்தவருக்கு உயிரே போய்விட்டது. மேஜை நிறைய ஆம்லெட். தன்னைப் பிடிக்க வைத்த பொறி என்றே நினைத்தார்.

"உங்களுக்கு முட்டைன்னா ரொம்பப் பிடிக்குமாமே? நிஜமாவா?" என்று கேட்டார் குழுத் தலைவி.



"முட்டை இல்லாம எனக்குப் பொழுதே விடியாது மேடம்" என்று ஒரு துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

தலைவியின் முகம் வாடியது. குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆராய்ச்சியில் அவருக்கு இடமில்லை என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தவருக்கு வாசலில் நின்ற அட்டெண்டர் தண்ணீர் கொடுத்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுக்கு முட்டை ஆகாதுன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். உள்ள இருக்கிற அத்தனை பேரும் முட்டைப் பைத்தியம், அவங்க மட்டும் பண்ணா யாரும் நம்ப மாட்டாங்கன்னு உங்களைத்தானே இந்த ஆராய்ச்சிக்குத் தலைமையா போட நினைச்சிருந்தாங்க."