மிச்சமிருந்த ஒரு டிக்கெட்

"முப்பத்தொன்பது" என்றார் கண்டக்டர்.

"நாற்பது" என்றார் படகை ஓட்டிவந்த ஸ்ராங்கு.

"எண்ணினது நான்."

"பிடிச்சது நான்."

கண்டக்டர் தம் ஆசனத்தை விட்டு எழுந்து, படகுத்துறையில் வரிசையாக இருந்த மீன் பெட்டிகளை விரல் நீட்டி மறுபடி எண்ணினார். பிறகு எதிர்முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார், போகும்போது ஒளிந்துகொண்ட பெட்டி திரும்பும்போது அகப்படும் என்பதுபோல. அகப்படவில்லை.

அவர் இப்போது கண்டக்டர் இல்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே காலத்தைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கூட்ட நெரிசலில் ஒரு கால் படியிலும் மறுகால் யாருடைய மூட்டையின் மேலோ இருக்க, டிக்கெட் எடுக்காத தலையை மோப்பத்திலேயே பிடித்துவிடுவார் என்று பெயர். சீட்டுக்கு அடியில் பதுங்கியவனைக்கூடச் செருப்பைப் பார்த்தே வெளியே இழுத்திருக்கிறார். அந்தப் பெயருக்காகத்தான் ஊர் மீன்பிடிக் கம்பெனிக்கு அவரைத் தலைவராக்கினார்கள்.

ஊர்க் கம்பெனி என்றால் ஊரே கம்பெனி. வீட்டுக்கு ஒரு பங்கு. ஒரு பெரிய படகு, ஓர் ஐஸ் கொட்டகை, ஓர் அலுவலக அறை, மற்றதெல்லாம் முதலாளிகள். முடிவெட்டுகிறவர் முதலாளி, பால் ஊற்றுகிறவள் முதலாளி. லாபம் வந்தால் 'நம்ம கம்பெனி', நஷ்டம் வந்தால் 'உங்க கம்பெனி'. முன்னால் இருந்த தலைவர்கள் பெட்டியை எண்ணியதே கிடையாது. கேட்டால், "கடல் கொடுக்கறதுக்கு என்னய்யா கணக்கு" என்பார்கள்.

கண்டக்டர்தான் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "இனிமே பெட்டிக்குப் பெட்டி நான் பதில் சொல்றேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் சட்டையைப் பிடிங்க" என்றார். ஊர் கை தட்டியது. அந்தக் கைகள் எந்த நேரமும் சட்டைக்கு வரலாம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

எண்ண ஆரம்பித்த முதல் நாளே ஒரு பெட்டி குறைந்தது. மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும் அதே ஒன்று. வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் ஐஸ் கொட்டகையில் போய்ப் பார்த்தால் காலிப் பெட்டிகள் நாற்பதும் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். பெட்டி ஒழுங்காக வீடு திரும்பிவிடுகிறது. மீன்தான் வழியில் இறங்கிக்கொள்கிறது.

"மாமா, வெயில்ல நின்னு எண்ணினா கண்ணு கட்டத்தான் செய்யும். முதல்ல உக்காருங்க" என்றான் மச்சினன்.

மனைவியின் தம்பி. பெட்டிகளைக் கரையேற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. வேலை போட்டுக் கொடுத்தது கண்டக்டர்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் வீட்டில் அவருடைய வேலை போயிருக்கும். சொந்தக்காரன் என்று நாலு பேர் வாயில் விழக்கூடாதென்று அவனை மட்டும் இரண்டு பங்கு விரட்டுவார். அவன் முகம் சுளித்ததே இல்லை. படகின் ஊதல் கேட்டு அவர் அலுவலகத்திலிருந்து நடந்து வருவதற்குள், துறை முனையில் அவருக்கு ஆசனம் தயாராக இருக்கும். சாக்கு போர்த்தி, மேலே துண்டை மடித்துப் போட்டு, சின்னதாக ஒரு சிம்மாசனம். முப்பது வருஷம் நின்ற கால்களுக்கு அந்த உபசாரம் இனித்தது. எண்ணி முடித்து எழுந்தால், "நீங்க போங்க மாமா, இதையெல்லாம் நான் எடுத்து வெச்சுக்கறேன்" என்பான். பெற்ற பிள்ளை செய்வானா?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி தடுத்தாள். "மெத்தை நாற்காலியில உக்காராதீங்க. பேண்ட் ஈரம்."

"கடற்காத்து."

"அது என்ன, உங்களுக்கு மட்டும் பின்பக்கமாவே வீசுது?"

வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நின்றது. சில நாளாகவே அது அவர் போகுமிடமெல்லாம் வந்துகொண்டிருந்தது.

"தலைவர்னா பின்னாடி கூட்டம் வரத்தான் செய்யும்" என்றார்.

"பூனைக்கு ஓட்டு இல்லீங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "தம்பி புது பைக் வாங்கியிருக்கான், பார்த்தீங்களா? நீங்க வேலை போட்டுக் கொடுத்த நேரம்."

"அவனுக்கு நேரம் நல்லா இருக்கு. எனக்குத்தான் ஒரு பெட்டி குறையுது."

இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "குளிர் ஏறியிருக்கே. ஐஸ் கொட்டகையில வேலையா?" என்று கேட்டார்.

"இல்ல, கம்பெனித் தலைவர்."

"அப்ப பொறுப்பு ஏறியிருக்கு. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க."

ஒத்தடம் கொடுத்தபடியே கண்டக்டர் யோசித்தார். கடலில் நாற்பது. கரையில் முப்பத்தொன்பது. நடுவில் இருப்பது படகு. ஆகவே படகில் ஒரு கண் வேண்டும்.

கிழக்குத் தெருவிலிருந்து முடிவெட்டுகிறவரை மேற்பார்வைக்கு ஏற்றி அனுப்பினார். மேற்குத் தெரு உடனே கிளம்பிவிட்டது. "அவங்க கண்ணுதான் கண்ணா? எங்களுது புண்ணா?" மேற்குத் தெருவுக்கும் ஓர் ஆளைப் போட்டார். குளத்துத் தெருவில் மொத்தமே ஏழு வீடு. அந்த ஏழு வீட்டுக்கும் மானம் இருந்தது. அங்கிருந்தும் ஒருவர் ஏறினார். படகில் இடம் போதாமல் வலை இழுக்கிற மூன்று பேர் இறங்க வேண்டியதாயிற்று.

"தலைவரே," என்றார் ஸ்ராங்கு, "இழுக்கற ஆளு இறங்கியாச்சு, பார்க்கற ஆளு ஏறியாச்சு. மீனையும் தானா ஏறிக்கச் சொல்லி ஒரு உத்தரவு போட்டுடுங்க."

கரை மறைந்ததும் மேற்பார்வையாளர்கள் மூவருக்கும் தலை சுற்றியது. படகின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தபடி, போன நேரமும் வந்த நேரமும் கடலையே மேற்பார்வை செய்தார்கள். அன்று நிரம்பியது இருபது பெட்டி. கரையில் பத்தொன்பது.

"நாற்பதுல ஒண்ணு போச்சு, சரி" என்றாள் மளிகைக்கடைக்காரி. அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. "இப்ப இருபதுலயும் ஒண்ணு. உங்க நிர்வாகத்துல திருட்டு இரட்டிப்பாயிடுச்சு தலைவரே."

கணக்கு என்னவோ சரிதான். கண்டக்டர் மூவரையும் இறக்கிவிட்டு, பரணில் கிடந்த பழைய டிக்கெட் கட்டையும் துளை போடும் இடுக்கியையும் எடுத்தார். தெரிந்த தொழிலே கைகொடுக்கும்.

மறுநாளிலிருந்து பெட்டிக்கு ஒரு டிக்கெட். ஸ்ராங்கு எத்தனை சொல்கிறாரோ அத்தனை டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு பெட்டியும் அவருடைய ஆசனத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். துளை போட்டுச் செருகினால்தான் நகரலாம். வரிசை துறையைத் தாண்டி ரோடு வரை போயிற்று. ஐஸ் உருகியது. மீனின் கண் மங்கியது. வியாபாரிகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, நோயாளியைப் பார்த்தவர்கள்போல உதட்டைப் பிதுக்கி, பாதி விலை சொன்னார்கள்.

"டிக்கெட் கிழிச்சீங்களே தலைவரே, மீதிச் சில்லறை எங்கே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ்ஸில் முப்பது வருஷம் கேட்ட கேள்விதான். இந்த முறை சுட்டது.

கடைசியில் அவர் கையில் ஒரு டிக்கெட் மிச்சமிருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. படகு ஆட்களின் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். ஸ்ராங்கின் பையில் ஒரு சட்டை, ஒரு சோப்பு, மகளுக்கு வாங்கிய ஒரு ரிப்பன்.

ஸ்ராங்கு ரிப்பனைச் சுருட்டிப் பையில் போட்டார். "இருபது வருஷமா இந்தக் கடல்ல இருக்கேன். மீன்கூட என்னைச் சந்தேகப்பட்டதில்ல. நாளன்னியிலிருந்து நீங்களே ஓட்டிக்கங்க. நாளைக்கு மட்டும் ஊருக்காகப் போறேன்."

செய்தி அடுப்புப் புகைபோல வீடு வீடாகப் போயிற்று. ஓட்ட ஆளில்லாத படகு எதற்கு? டவுனில் ஒரு மீன் வியாபாரி ரொம்ப நாளாகவே படகைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டால் தலைவலி தீரும். கம்பெனியும் தீரும், நேற்று வரை முதலாளியாக இருந்தவர்கள் அவரிடம் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். நாளை ஏலம் முடிந்ததும் துறையிலேயே கூட்டம் என்று முடிவாயிற்று. தலைவர் பதில் சொன்னால் படகு ஊருக்கு. சொல்லாவிட்டால் வியாபாரிக்கு.

"நாளைக்குத் திரும்பி வரும்போது தலைவரா வருவீங்களா, கண்டக்டரா வருவீங்களா?" என்றாள் மனைவி, சட்டையைத் தேய்த்துக் கொடுத்தபடி.

"பதிலோட வருவேன்."

"அது கடையில விக்கறதில்லையே."

மறுநாள் படகு ஊதியது. கண்டக்டர் நடந்தார். ஊர் முழுக்க அவர் பின்னால் நடந்தது. அதற்கும் பின்னால் பூனை. ஆசனம் வழக்கம்போலத் தயாராக இருந்தது. ஸ்ராங்கு நாற்பது என்றார். கண்டக்டர் நாற்பது கிழித்தார். ஒவ்வொரு பெட்டியாக வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏலத்துக்குப் போயிற்று. டவுன் வியாபாரி குடையும் கையுமாக நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் பெரும்பாலானதைத் தானே எடுத்தார்.

எல்லாம் முடிந்தது. கையில் ஒரு டிக்கெட்.

"பதில் சொல்லுங்க தலைவரே" என்றாள் மளிகைக்கடைக்காரி. சட்டையைப் பிடிக்கவில்லை. பார்வையாலேயே பிடித்தாள்.

கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதில் இல்ல" என்றார். "ஆனா பொறுப்பு என்னோடது. ஸ்ராங்கு பையைத் திறக்கச் சொன்னேன், அது தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவர் நாற்பதுன்னு சொன்னா அது நாற்பதுதான். அப்ப பெட்டி கடல்ல போகல, படகுல போகல. கரைக்கு வந்திருக்கு. என் கண்ணு முன்னாடி, இங்கேயே எங்கயோ இருக்கு."

டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அது கிடைக்கற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். பொழுது சாயட்டும், விடியட்டும். படகைக் குத்தகைக்குக் கொடுக்கணும்னா என்னைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டுக் கொடுங்க."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வேர் விட்டவர்போல அழுந்த உட்கார்ந்தார்.

ஸ்ராங்கு கொஞ்சநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் இருந்த துண்டைத் தரையில் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து முடிவெட்டுகிறவர் உட்கார்ந்தார். பால்காரி உட்கார்ந்தாள். எழுந்து போக நினைத்தவர்களுக்கும் இப்போது வெட்கமாகிவிட்டது.

வெயில் ஏறியது. மச்சினன் மட்டும் இருப்புக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, எழுந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன்."

"அக்கா கவலைப்படும்."

"படட்டும்."

"கடைக்குப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து உக்காரலாம் மாமா. அதுக்குள்ள நான் இதெல்லாம் ஒழுங்கு பண்ணி வெக்கறேன்."

"டீயை இங்க கொண்டா."

"ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்புல குளிர் ஏறும் மாமா."

"இந்த வெயில்லயாடா?"

மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது. பைக் நிற்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பாவம், மாமனுக்காக எப்படித் தவிக்கறான் பாருங்க" என்றாள் பால்காரி.

"ஆளு உறுதிதான்யா" என்றார் முடிவெட்டுகிறவர் கண்டக்டரைக் காட்டி. "குத்தகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இப்படி ஒரு தலைவர் கிடைப்பாரா?"

பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் இரண்டு பூனைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கண்டக்டரின் காலடியில் நிர்வாகக் குழுபோல வரிசையாக அமர்ந்தது. அவர் அசையவில்லை. பேண்ட் நனைந்தது; அசையவில்லை. இடுப்பு விறைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

குடைக்குக் கீழே நின்றிருந்த டவுன் வியாபாரி காலில் ஏதோ ஜில்லென்று படவும் குனிந்து பார்த்தார். கல்தரையில் மெல்லிய நீர்க்கோடு ஒன்று ஊர்ந்து வந்து அவர் செருப்பை நனைத்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். கண்ணால் அந்தக் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்து போனார், பூனைகள் வரை, பூனைகளுக்குப் பின்னால் சாக்கின் ஓரம் வரை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருப்பதற்கு விலை சொல்கிற மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைவரே, மத்ததெல்லாம் ஏலம் போயாச்சு. நீங்க கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா, உங்களுக்குக் கீழ இருக்கற பெட்டிக்கும் ஒரு விலை சொல்லிடுவேன்."