சட்டை போட்ட அட்மிரல்

இரண்டே மாதம். மூன்றாம் மாதம் பிறக்கும்போது கொழும்பு ரயிலில் ஏறியிருப்பது நிச்சயம் என்று சோமசேகரம் தீர்மானித்துவிட்டார். தீர்மானத்தைச் சுவர்க் கலண்டரில் ஊதா மை பிடிக்கிற கோப்பிப் பென்சிலால் வட்டமிட்டு உறுதியும் செய்தார். குறுக்கே நின்றது ஒரே ஒரு சின்னத் தடை. அது கூண்டுக்குள் இருந்துகொண்டு, தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

தடையின் பெயர் அட்மிரல். சாதியில் கிளி. சாம்பல் உடம்பு, சிவப்பு வால். முதுகுப் பக்கம் பார்த்தால் பெரிய உத்தியோகத்தர். முன்பக்கம் பார்த்தால் உரித்த கோழி.

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை கொடியை இறக்கி, பெட்டி கட்டி, கப்பலேறிய ஐப்பசி மாதம் அது. அவர்களுடைய பண்டகசாலையில் சோமசேகரம் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கராக இருந்தவர். அதற்குப் பொறுப்பாக இருந்த பெம்பர்டன் துரை, புறப்படுகிற அன்று காலையில் தான் வளர்த்த கிளியின் கூண்டைத் தூக்கிக்கொண்டு இவருடைய மேசைக்கு வந்தார். கூடவே ஒரு கடிதம், மூன்று பிரதிகளில். சோமசேகரம் மூன்றிலும் கையெழுத்து வைத்தார். வாசிக்கவில்லை. வாசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு துண்டுச் சீட்டில் கையெழுத்து வைக்கிற மனிதன் வாசிக்கத் தொடங்கினால் கப்பல் எப்படிப் புறப்படும்? அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பிரதி?" மூன்று என்றால் பேனை திறக்கும். இரண்டு என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். வீட்டிலும் அதே கை. மனைவி தங்கரத்தினம் சங்கக்கடைப் படிவத்தை நீட்டினாலும், வாசிகசாலை விண்ணப்பத்தை நீட்டினாலும், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வைத்துக் கொடுப்பார்.

கப்பல் போன பிறகு தன் பிரதியை எடுத்து வாசித்தார். 'இறகு முற்றாக வளரும்வரை பெறுபவரே நேரில் பராமரிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் பிறரிடம் ஒப்படைக்கலாகாது.' கீழே அவருடைய கையெழுத்து, மிக அழகாக.

அதே துரைதான் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கம்பனியில் இவருக்கு வேலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சித்திரை வரைக்கும் இடம் இருக்கும் என்று கம்பனி எழுதியிருந்தது. ஆகவே இறகு முளைக்க வேண்டும். முளைத்தால் கொழும்பு. முளைக்காவிட்டால் காலி மேசைகூட இல்லாத மிச்ச வாழ்க்கை.

"அங்க ஐஞ்சு கிளாக்கர்மாருக்கு ஒரு அறையாம்," என்றார் மனைவியிடம். "பொம்பிளையளுக்கு இடமில்லை."

"ஓம்."

"நீர் வீட்டைப் பாத்துக்கொண்டு இரும். மாசத்துக்கு ஒருக்கா நான் வருவன்."

"ஓம்."

"தனிய இருக்கப் பயமில்லையோ?"

"இதென்ன புதுக் கேள்வி? இருபத்தெட்டு வருஷமா ஆரோட இருந்தனான்?"

சோமசேகரம் இதை மனைவியின் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டார். மகள் கலியாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போனதிலிருந்து தங்கரத்தினம் துணிச்சலாகத்தான் இருக்கிறாள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

வைத்தியம் தொடங்கியது. துரை வளர்த்த கிளிக்குத் தமிழ் விளங்காது என்பது சோமசேகரத்தின் முடிவு. ஆகவே காலையில் வெள்ளைக் காற்சட்டை மாட்டி, கூண்டுக்கு முன்னால் விறைப்பாக நின்று, "குட் மோர்ணிங், சேர்!" என்பார். பிறகு பண்டகசாலை விதிமுறைப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசிப்பார். அட்மிரல் முதலாம் பந்தி முடிய முன்னரே பிடுங்கத் தொடங்கிவிடும். இரண்டாம் பந்தியில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பிடுங்கும்.

பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி டீச்சர் கொன்வென்டில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அதைக் கேட்டால் நானும் பிடுங்குவன்," என்றாள்.

கதவை யாராவது தட்டினால் கிளி "கம் இன்!" என்று துரையின் குரலில் கத்தும். பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். வருவது கீரைக்காரியாக இருக்கும். அட்மிரல் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னொரு இறகைப் பிடுங்கும். தங்கரத்தினம் இதைக் குசினி வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு சரியில்லை.

கார்த்திகையில் ஆதம்பாவா வந்தான். பண்டகசாலையில் சோமசேகரத்துக்குக் கீழே வேலை செய்தவன். இப்போது குறிஞ்சாக்கேணியில் எருமையும் வயலுமாக இருக்கிறான். ஒரு சட்டி தயிரோடு தோணியேறி வந்தவன், கூண்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தான்.

"இதுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல சேர். ஆளத் தேடுது."

"நான்தானே காலமையில ஒரு மணித்தியாலம் கதைக்கிறன்!"

"நீங்க கதைக்கல்ல சேர், கட்டளை போடுறீங்க. இது கூட்டத்துல வாழுற சாதி. ரெண்டு பேர் தங்களுக்குள்ள கதைக்கணும். இது பக்கத்துல இருந்து கேக்கணும். வீட்டுல நீங்களும் அக்காவும் கதைக்கிற இடத்துல கூண்ட வைங்க, அது போதும்."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் அப்படி ஒரு இடம் இருப்பதாக இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆதம்பாவா போன பிறகு தங்கரத்தினம் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். புண்ணாகிக் கிடந்த நெஞ்சுக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசி, பழைய பிளனல் துணியில் கிளிக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். முன்னால் பொத்தான் வைத்தால் கடித்துவிடும் என்று முதுகில் நான்கு பொத்தான். கிளி சோமசேகரத்தின் விரலைக் கண்டால் கொத்தும். அவள் கைக்கு மட்டும் குழந்தைப் பிள்ளைபோலக் கழுத்தை நீட்டும். ஆகவே சட்டை கழற்றுவதும் மாற்றுவதும் அவள் பொறுப்பு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு.

அடுத்த நாள் பின்னேரம் நான்கு மணி. இரண்டு கதிரை, நடுவில் கூண்டு. சோமசேகரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, தொடங்குவம்."

"தொடங்குங்கோ."

நான்கு நிமிஷம் போனது. அட்மிரல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"என்ன கதைக்கிறது?" என்றார் சோமசேகரம்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் என்னோட கதைக்கிறது மூண்டு விஷயம். சோறு, குடை, தோய்ச்ச சேட்டு. மூண்டும் இண்டைக்குக் காலமையே முடிஞ்சுபோச்சு."

மறுநாள் சோமசேகரம் ஒரு துண்டுக் கடதாசியில் விஷயங்களை எழுதிக்கொண்டு வந்தார். மழை, மகள், ஓட்டை விழுந்த கூரை. மழை இரண்டு நிமிஷத்தில் நின்றது. கூரை மூன்று நிமிஷம் தாங்கியது. பிறகு தங்கரத்தினம் தானாகவே, கிளியைப் பார்த்துக்கொண்டு, சொன்னாள்:

"ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு நான் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அந்த மேசைக்குக் கீழ இருந்தனான். விடியத் தொடங்கினது, மத்தியானம் வரைக்கும். நீங்கள் பின்னேரம் டொக்யாட் வேலையால வந்து, 'இன்னும் சோறு ஆக்கேல்லையோ' எண்டு கேட்டனீங்கள்."

"நானோ?"

"ஓம். பிறகு சேட்டுப் பொத்தான் அறுந்துபோச்சு எண்டும் சொன்னனீங்கள்."

சோமசேகரத்துக்கு அந்த நாளில் எரிந்த எண்ணெய்த் தாங்கி ஞாபகம் இருந்தது. எத்தனை பீப்பாய் நாசமானது என்பதும் ஞாபகம் இருந்தது. மேசைக்குக் கீழே இருந்தவர்கள் ஞாபகத்தில் இல்லை. பதினைந்து வருஷம் கழித்து அன்று பின்னேரம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து அவரும் ஒன்று சொன்னார். தினமும் கடற்கரைச் சுவரில் போய் இருந்து, கப்பல் இல்லாத வெறும் மிதவைகளைப் பார்த்துவிட்டு வருவதைச் சொன்னார். "கொடி இறக்கின அண்டைக்கு அழுதனான். வெள்ளைக்காரனுக்காக இல்லை. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு என்னை ஆரும் தேடமாட்டினம் எண்டு நினைச்சு அழுதனான்."

தங்கரத்தினம் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அவரைத் தினமும் ஏழு மணிக்கு அல்ல, நாள் முழுக்கத் தேடினவள். அதை வாய்விட்டுச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை என்று நினைக்கிற சாதி.

மார்கழி போனது. தை போனது. கலண்டர் வட்டமும் போனது. நான்கு மணிக் கதை ஐந்து மணிக்கும், பிறகு விளக்கு வைக்கும்வரைக்கும் நீண்டது. சோமசேகரம் கடற்கரைச் சுவருக்குப் போகிறதை மறந்தே போனார். கிளி துறைமுகத்தில் கேட்டுப் பழகிய டொக்யாட் சங்குபோலக் காலை ஏழு மணிக்கு ஊதும். இவர் அரைத் தூக்கத்தில் காற்சட்டைக்குள் ஒரு காலை விட்டபடி விழித்துக்கொள்வார், அவள் சிரிப்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இறகைத் தவிர. தினமும் காலையில் கூண்டின் அடியில் மூன்று, நான்கு சாம்பல் இறகு கிடக்கும்.

"இன்னும் பிடுங்குதோ?"

"பிடுங்குதுதான். சட்டைக்குக் கீழால அலகை விட்டு இழுக்குது, பாவம்."

"கழட்டிக் காட்டும் பாப்பம்."

"ஐயோ, காத்துப் பட்டால் புண் திறந்துபோகும்!"

பங்குனி நடுப்பகுதியில் சோமசேகரத்துக்குள் இருந்த பண்டகசாலைக் கிளாக்கர் விழித்துக்கொண்டார். நான்கு மாதமாக ஒரு கிளி தினமும் நான்கு இறகு பிடுங்கினால், இந்நேரம் கூண்டுக்குள் வெறும் சட்டை மட்டும்தானே இருக்க வேண்டும்? முன்பு இப்படித்தான் ஒருவன் ஒரே வெற்றுத் தகரத்தைப் பின்வாசலால் எடுத்துக்கொண்டு போய் முன்வாசலால் கொண்டுவந்து ஒப்படைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்த முறையையே இதற்கும் பாவித்தார். வியாழக்கிழமை கிடந்த இறகுகளின் காம்பில் கோப்பிப் பென்சிலால் ஊதாப் புள்ளி வைத்து, குப்பை வாளிக்குள் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கூண்டின் அடியில் நான்கு இறகு. நான்கிலும் ஊதாப் புள்ளி.

தங்கரத்தினம் காளி கோயிலுக்குப் போய்விட்டாள். சோமசேகரம் கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கிளியைப் பிடித்தார். இரண்டு கொத்து வாங்கினார். பொத்தான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சட்டை கழன்றது.

நெஞ்சு நிறைய இறகு. புத்தம் புதிது. ஒரு வெறும் இடம் இல்லை.

பிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் குதூகலித்தார். இன்றைக்கே கொழும்புக்கு எழுதலாம். சித்திரைக்குள் ஐந்து பேர் அறையில் ஐந்தாவது பாயை விரிக்கலாம். ஏழு மணிக்குத் தேடுவார்கள். தேடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் வரவில்லை.

அப்போதுதான் அட்மிரல் கதைத்தது. துரையின் குரலில் அல்ல.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி போடட்டோ?" அச்சு அசலாகத் தங்கரத்தினம்.

"ம்." அது அவர் குரல்.

"இஞ்சாருங்கோ, மழை வரும்போலக் கிடக்கு."

"ம்."

பழைய நாட்களை முழுசாக நடித்துக் காட்டியது கிளி. அவளுக்கு ஒரு வசனம், அவருக்கு ஒரு 'ம்'. பிறகு மறுபடியும், "இஞ்சாருங்கோ..." இந்த முறை பதில் வரவில்லை. அவர் கடற்கரைச் சுவரில் குந்தியிருந்த நேரமாக இருக்க வேண்டும். கிளி தலையைச் சாய்த்து, காலி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ம்," என்றார் சோமசேகரம்.

அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. போகவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லத் தெரியாமல், குப்பை வாளியில் இறகு பொறுக்கியிருக்கிறாள். சட்டையைத் திரும்ப மாட்டினார். மூன்றாவது கொத்தையும் வாங்கிக்கொண்டார். ஊதாப் புள்ளி இறகுகளைக் கூண்டின் அடியில், கிடந்தபடியே பரப்பினார். அவள் ஆட்டத்தைக் கலைப்பதில்லை. அவளுக்குத் தெரியாமல், பெருந்தன்மையாக, தானே விட்டுக்கொடுப்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியை ஏமாற்றப் போகிற பெருமையில் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

தங்கரத்தினம் விபூதியோடு வந்தாள்.

"இஞ்சாரும், கிளிக்கு இன்னும் சரிவரேல்லை," என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "இந்த நிலைமையில விட்டிட்டுப் போக ஏலாது. கொழும்புக்கு வரமாட்டன் எண்டு எழுதிப்போடப் போறன்."

அவள் அவர் நெற்றியில் விபூதியைப் பூசினாள். கூண்டடிக்குப் போனாள். கதவைத் திறந்து, கிளியைக் கையில் எடுத்து, சட்டைப் பொத்தான் நான்கையும் கழற்றினாள். மறுபடி ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"ஒரு பொத்தான் தள்ளிப் பூட்டியிருக்கிறியள்."

சோமசேகரத்துக்குப் பெருந்தன்மை உள்ளங்கால் வழியாக இறங்கிப் போனது. மிச்சமிருந்த மரியாதையைக் காப்பாற்ற எழுந்து மேசைக்குப் போய், பேனையைத் திறந்தார்.

"எப்பிடியும் கடிதம் எழுதவேணும்தானே. நான் எழுதுறன்."

"மினக்கெடாதேங்கோ. மாசி மாசமே கமலேஸ்வரி டீச்சர் எழுதித் தந்து, நான் தபாலில போட்டிட்டன்."

"என்ர கையெழுத்து இல்லாமலோ?"

"நீங்கள்தானே வைச்சனீங்கள். பேப்பர் பாத்துக்கொண்டு."

சோமசேகரம் பேனையை மூடினார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எத்தனை பிரதி?"

"மூண்டு. கொழும்புக்கு ஒண்டு, துரைக்கு ஒண்டு, அலுமாரிக்குள்ள ஒண்டு."