பிங்கி பாஸ் போட்ட பாட்டுகள்

இந்தப் பூமியில் பாட்டுக்கு லிட்டர் கணக்கில் மார்க் போட்ட ஒரே மனுஷன் எங்கள் லாக்டோ அண்ணன்தான். ஸ்டார் கொடுப்பவர்கள் உண்டு. பத்துக்கு ஏழு என்பவர்கள் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடியோ போடுகிறவர்களும் உண்டு. "ஆறே முக்கால் லிட்டருங்க, பெயிலு" என்று தீர்ப்பெழுதிய விமர்சகர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் வரப்போவதில்லை.

மீனாட்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் அண்ணன்தான் டெஸ்டர். பாலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழல்தான் லாக்டோமீட்டர். பாலில் விட்டால் மிதக்கும். எந்தக் கோடு வரைக்கும் முங்குகிறதோ அதுதான் உங்கள் யோக்கியதை. மிஷின் வந்து வருஷங்கள் ஆகியும் அண்ணன் அந்தக் குழலைச் சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகிக்கொண்டுதான் திரிவார். ஒரு கல்யாண வீட்டில் பால் பாயசத்துக்குள் அதை விட்டுப் பார்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. சமையல்காரர் அழுதார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

யார் பாலில் தண்ணீர் இருந்தாலும் அவர் தண்ணீர் என்று சொல்ல மாட்டார். "வெள்ளம் உண்டுங்க" என்பார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். ஆனால் எங்கள் எல்லையோரத்தில் தண்ணி என்றால் அது சண்டை. வெள்ளம் என்றால் அது சர்க்கார் அறிக்கை. எங்கம்மாவையே ஒருநாள் வரிசையில் நிறுத்தி, "ஏனுங்கக்கா, கேனுக்குள்ள மழ பேஞ்சுதுங்களா?" என்று கேட்டவர். அம்மா ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

இப்படிப்பட்டவர் எங்கள் பாட்டுக் குரூப்பில் வந்து சேர்ந்ததுதான் என் கதை.

பாட்டுப் பைத்தியங்கள் ஒன்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். புதுப் பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. பழைய பாட்டைப் போட்டு "அந்தக் காலம் வருமா" என்று பெருமூச்சு விடுகிறவரை அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவோம். ஆனால் புதுப் பாட்டைச் சிபாரிசு பண்ணுகிற சாக்கில் எல்லோரும் தங்கள் காதைத்தான் சிபாரிசு பண்ணினோம். "ஹெட்செட் போட்டுக் கேளுங்க." "கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க." "மூணாவது நிமிஷத்துல ஒரு புல்லாங்குழல் வரும், அதுவரைக்கும் பொறுங்க." அஞ்சு நிமிஷப் பாட்டு வந்து விழுந்த இருபதாவது செகண்டில் வரிசையாக எட்டுத் தீப்பந்தப் படங்கள் எரியும். புல்லாங்குழல் வந்ததா வரவில்லையா என்று ஒருத்தருக்கும் தெரியாது. நானே எத்தனையோ பாட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கேட்காமல் போயிருக்கிறேன்.

அண்ணன் ஒருவர்தான் முழுசாகக் கேட்டார். அதுவும் மூன்று தரம். பிறகு நிதானமாகக் குரலில் பதிந்து அனுப்புவார்: "கேட்டனுங்க. மொதல் சரணம் வரைக்கும் எரும பாலு. அதுக்கப்பறம் வெள்ளம் உண்டுங்க."

முதலில் சிரித்தோம். பிறகு பயந்தோம். ஒரு மாசத்தில் அண்ணன் வாய் திறக்காமல் யாரும் தீ வைப்பதில்லை என்று ஆகிவிட்டது. அவர் பாஸ் போட்ட பாட்டு, தீவனம் வந்திருக்கிறது என்று அறிவிப்புச் சொல்லும் சொசைட்டி ஸ்பீக்கரில், பால் ஊற்றுகிற நேரத்துக்கு ஒரு வாரம் பாடும். ஊரே கேன் தூக்கிக்கொண்டு நின்று கேட்கும். "இது ஆரு குடுத்த பாட்டு?" என்று ஒருத்தர் கேட்க, "நம்ம டெய்லரு" என்று இன்னொருத்தர் சொல்ல, டெய்லர் அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

ஒன்பது பேரில் ஒரே வெளியூர்க்காரர், மலைமேல் மாட்டுப்பட்டியில் இருக்கும் ஜீப் டிரைவர். நாங்கள் டூர் போனபோது அவர் வண்டியில் ஓடிய பாட்டுகளைக் கேட்டு மயங்கி நாங்களே அவரை உள்ளே இழுத்தோம். அவருடைய பாட்டு ஒன்றை அண்ணன் "வெள்ளம்" என்றதும் மலையிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"அண்ணாச்சி, நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. பாலுக்குக் கொழா வச்சிருக்கிய, சரி. பாட்டுக்கு என்ன கொழா வச்சிருக்கிய? ஒங்க நாக்கத்தான நாங்க நம்புதோம்?"

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போயிருப்பார். அண்ணன் ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அறிவித்தார்: "நாயமான கேள்விங்க. இனி நான் மார்க்குப் போடறதில்லீங்க. பிங்கி போடும்."

பிங்கி அவர் வீட்டு ஜெர்சி மாடு.

விதிகள் வந்தன. ஒரு பாட்டுக்கு மூன்று காலை. கறக்கிற நேரம் தொழுவத்து ஜன்னலில் போனை வைத்துப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. பிங்கியின் வழக்கமான கணக்கு ஏழு லிட்டர். மூன்று நாளும் ஏழரைக்கு மேலே போனால் பாஸ். சிபாரிசு பண்ணினவர் தொழுவத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் டெஸ்ட் செல்லாது. தினமும் காலை அளவுப் பாத்திரத்தின் போட்டோ குரூப்பில் வந்துவிடும்.

படித்த கூட்டம் நாங்கள். இதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். மாறாக, மாட்டுக்குப் பிடித்த பாட்டு எது என்று ஆராய்ச்சியில் இறங்கினோம். புல்லாங்குழல் இருந்தால் பிடிக்கும் என்று ஒருத்தர் ஆறு புல்லாங்குழல் பாட்டு அனுப்பினார், ஆறும் பெயில். மாட்டுக்கழுத்து மணிச்சத்தம் வருகிற பாட்டை டெய்லர் தேடிப்பிடித்தார். அதற்கு ஆறு லிட்டர். பிங்கி சொந்தக்கார மாடு ஏதோ வந்திருக்கிறதென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாம். "தாளம் ரொம்ப முக்கியம். அசை போடுத வேகத்துக்குப் பொருந்தணும்" என்று ஜீப் டிரைவர் ஆறு நிமிஷம் பேசி அனுப்பினார். அதையும் கேட்டுக் குறிப்பெடுத்தோம்.

நான் அனுப்பியது ஏழு பாட்டு. ஏழும் பெயில். நார்வே நாட்டிலிருந்து ஒன்று தேடி எடுத்தேன். பனிப்பாறை உருகுவது போல இருக்கும். அதற்கு அஞ்சே கால் லிட்டர். கீழே அண்ணன் குறிப்பு: "மாடு என்னத் திரும்பிப் பாத்துச்சுங்க. இந்த மாதிரி இனி வேண்டாம்."

நாலு மாசம் இப்படி ஓடியது. எனக்கு எறணாகுளத்தில் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுக் கிளம்ப ரெண்டு வாரம். அம்மா தினமும் கேனைக் கழுவி வைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏங்கண்ணு, டெய்லர் பாட்டெல்லாம் மைக்குல வந்துருச்சு. எம்.எஸ்.ஸி. படிச்சவ, உன்ற பாட்டு எப்பத்தான் வரும்?" வேலை கிடைத்ததை ஊருக்குச் சொன்னபோது அம்மா முகத்தில் பாதி வெளிச்சம்தான் வந்தது. மீதிப் பாதி அந்த ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் கடைசியாக ஒரு பாட்டு இருந்தது. யாரும் கேட்டிராத பாட்டு. ஒரு பெண் குரல், பின்னால் ஒரே ஒரு தந்தி. பஸ்ஸைத் தவறவிட்டவள் அடுத்த பஸ் வரும்வரை தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி. ஹெட்செட் வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். இதை அனுப்பிவிட்டு நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

முதல் நாள் எட்டு லிட்டர். இரண்டாம் நாள் எட்டே கால். மூன்றாம் நாள் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. விடியும் முன்னே அண்ணன் வீட்டில் போய் நின்றுவிட்டேன். விதி ஞாபகம் இருந்தது. வாசலில்தான் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். போனதோடு விட்டேனா? பிங்கியோடு ஒரு செல்ஃபி எடுத்து, 'பரீட்சை நடக்கிறது!' என்று குரூப்பிலும் போட்டேன். ஆர்வக் கோளாறுக்கு மருந்து கிடையாது.

கறந்துகொண்டிருந்தவர் அண்ணனுடைய மனைவி பூங்கொடியக்கா. அண்ணன் கைராசி இல்லாதவர். மடியில் கை வைத்தால் பிங்கி உதைக்கும். எந்த நாளும் கறவை அக்காதான். அண்ணன் போனை ஜன்னலில் வைத்துவிட்டு வாசலில் நிற்பார். அன்றைக்குப் போனை வைத்துவிட்டுச் சீக்கிரமே சொசைட்டிக்குப் போயிருந்தார்.

பூங்கொடியக்கா பேசி நாங்கள் கேட்டது குறைவு. அவரைப் பற்றி அண்ணன் முன்பு ஒருநாள் புலம்பியது ஞாபகம் இருக்கிறது. "இருவத்திநாலு வருசமாச்சு கண்ணு. சாம்பாரா ரசமான்னு கேட்டா 'எதோ ஒண்ணுங்க'ங்கறா. பொள்ளாச்சி சீலக்கடையில நாலு மணி நேரம் உக்காந்தோம். எது புடிச்சுதுன்னா 'எதோ ஒண்ணு எடுங்க'. கடைசில கடக்காரனே ஒண்ண எடுத்துக் குடுத்தான். இவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாது, அந்தக் கடக்காரனுக்குத் தெரியுமாங்கறேன்?"

பாட்டு ஓடியது. அக்கா பிங்கியின் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தார். பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. மடியில் பால் வற்றிக்கொண்டே வந்தது. கடைசிச் சொட்டுகள் டக், டக் என்று விழுந்தன. கட்டிப் போட்டிருந்த கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு அலறியது.

"இருடா. முடியட்டும்" என்றார் அக்கா.

"எதுங்கக்கா முடியட்டும்?"

"பாட்டுதான் கண்ணு."

நான் அந்தக் கன்றுக்குட்டியைப் பார்த்தேன். நாலு மாசத்தில் ஊரிலேயே கொழுத்த கன்று அதுதான். கழுத்து மடிப்பு விழுந்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாட்டு பிடிக்கவில்லையென்றால் அக்கா பாதியில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். மீதிப் பால் கன்றுக்கு. பிடித்துவிட்டால் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் கறப்பார். ஒன்பது பேர் நாலு மாசம் மாட்டை ஆராய்ச்சி பண்ணினோம். மாட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. என் நார்வே பாட்டு மொத்தமும் அந்தக் கன்றின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொசைட்டிக்கு ஓடினேன். அண்ணன் யாரோ ஊற்றிய பாலில் குழலை விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மார்க்குப் போடறது பிங்கி இல்லீங்க. அக்காங்க!"

"மெல்லப் பேசு கண்ணு." அவர் நிமிரவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"ரெண்டாம் நாளே தெரியும். வாசல்ல நின்னு பாக்கறனில்ல? கேட்டா 'எதோ ஒண்ணு'ங்கறவ. இப்ப தெனமும் காலைல எட்டு லிட்டர், ஆறு லிட்டர்னு பதில் சொல்றா. இருவத்திநாலு வருசத்துல இந்த நாலு மாசந்தான் அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்குது." குழலைத் தூக்கித் துடைத்தார். "அவதான் மார்க்குப் போடறான்னு அவ காதுக்குப் போச்சுன்னு வெய்யி, நாளைக்கிருந்து எல்லாப் பாட்டுக்கும் கரெக்டா ஏழு லிட்டர் கறந்து வெச்சுட்டுப் போயிருவா. சொல்லிராத கண்ணு."

சரி என்றேன். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து குரல் வந்தது.

"ஏ தங்கச்சி, போட்டோ பாத்தேன். பாட்டு அனுப்புனவளே தொழுவத்துல நின்னா அது பரீட்சையா, இல்ல பிட்டடிக்கியா? எட்டே கால் லிட்டரு! மாட்டுக்கு என்னத்தக் குடுத்த, வெல்லமா?"

வரிசையாக எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். விளக்கம் கேட்டார்கள். டெய்லர் விசாரணைக் கமிஷன் என்றார். ஒரே வரி போதும், நான் தப்பித்துவிடலாம்: 'மாட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, கறக்கிறவருக்குத்தான் சம்பந்தம்.' முழுசாக எழுதியும்விட்டேன். அந்தக் குரூப்பில் ஒன்றைப் போட்டால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அக்காவுக்கு அதற்கும் முன்னே தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழிக்க அழிக்க அம்மா கேனோடு வரிசையில் நிற்பது தெரிந்தது.

அண்ணன் எனக்கு எதிரிலேயே நின்று தீர்ப்பைக் குரலில் பதிந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "விதி விதிதானுங்க. டெஸ்ட் செல்லாது. வெள்ளம் உண்டுங்க."

வெள்ளம் இல்லாததை வெள்ளம் என்று அவர் சொன்னது அவர் ஆயுசிலேயே அந்த ஒரு தரம்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் சட்டைப் பையிலிருந்த குழலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஸ்பீக்கரில் ஜீப் டிரைவர் பாட்டு பாடியது. அம்மா கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போகட்டும் உடு, எறணாகுளத்துல மாடு இருக்காதா" என்றாள்.

ஊரைவிட்டுக் கிளம்பிய காலை, முதல் பஸ்ஸுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டைத் தாண்டி நடந்தேன். தொழுவத்திலிருந்து பாட்டு கேட்டது. என் பாட்டு. செல்லாத பாட்டு. டெஸ்ட் எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. கன்றுக்குட்டி ஊரையே எழுப்புகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் பல் குச்சியோடு நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு மாசம் கழித்து, குரூப்பில் இல்லாமல், எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "கண்ணு, அதே பாட்டுத்தான் தெனமும் ஓடுது. கன்னுக்குட்டி எளச்சுப் போச்சு. சீக்கிரம் ஒரு மோசமான பாட்டு இருந்தா அனுப்பு."

மோசமான பாட்டுக்கு என்னிடம் பஞ்சமா? ஏழு ரெடியாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றை எடுத்து வைக்கிறேன். அந்த வீட்டுக்கு அனுப்பத்தான் எனக்கு இன்னும் கை வரவில்லை.