எலோடி நாலாம் வகுப்புக்குத்தான் போவாள்

பெத்தீ ஷேன், லூசியானா
இறால் பருவம் திறந்த வாரம்

அன்புள்ள ஜெர்மேன் அக்காவுக்கு, உன் தம்பி ஒவீட் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான், நோயெலா, எலோடி மூவரும் சுகம். படகும் சுகம், இன்ஜின் மட்டும் வழக்கம்போல் இருமுகிறது. ஹூஸ்டனில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்துப் போடு என்று போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், நீ என்னைப் பேச விட்டால்தானே. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன்: நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் வீட்டுக்காரி நோயெலா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வாசிப்புத் தேர்வு வைக்கிறார்கள். அதில் தேறாவிட்டால் நாலாம் வகுப்பு கிடையாது. கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புக்கு வந்து, மறுபடி எழுதித் தேற வேண்டும்; இல்லையென்றால் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம். எலோடி தேறவில்லையாம். யார், நம் எலோடி. கண்ணை மூடிக்கொண்டு பழுப்பு இறாலையும் வெள்ளை இறாலையும் தொட்டே பிரிக்கிற பெண். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்று எப்போது திரும்பும் என்று எனக்கே சொல்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் பாதி வசனத்தில் இருக்கும்போதே மீதியை இவள் முடித்துவிடுகிறாள், அவர் முறைக்கிறார். இவளுக்கு வாசிக்க வராதாம். பருவம் திறந்திருக்கிறது, படகில் என் பக்கத்தில் நிற்க வேண்டிய பிள்ளையை வகுப்பில் அடைக்க ஒரு தாளில் நான் ஒப்புதல் தர வேண்டுமாம்.

சரி, என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை யார் தெரியுமா, ப்ரூசார் வீட்டு லூசில், என்னோடு படித்தவள். கூடவே வாசிப்பு ஆசிரியை மிஸ் ஹார்லன். ஒஹையோவிலிருந்து போன வருஷம் வந்தவள், தலையோடு இறாலைப் பார்த்தால் இன்னும் முகம் சுளிக்கிறாள். அவள் எலோடியின் பயிற்சித் தாளை என் முன் வைத்தாள்.

"புயல் வருதுன்னு கேட்டதும் இந்தக் கதையில இருக்கிற குடும்பம் முதல்ல என்ன செஞ்சுதுன்னு கேட்டேன். ஃப்ரீசர்ல இருந்த கறி, மீன் எல்லாத்தையும் சமைச்சுத் தெருவுக்கே சாப்பாடு போட்டாங்கன்னு சொல்றா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா. கரண்ட் போனா எல்லாம் நாறிடுமே."

"கதையில அவங்க காணாமப் போன நாயைத் தேடிட்டுப் போறாங்க, மிஸ்டர் வெர்டின்."

"ஃப்ரீசரை அப்படியே விட்டுட்டா? எந்த ஊர்க்காரன்மா இதை எழுதினான்?"

லூசில் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். மிஸ் ஹார்லன் அசரவில்லை, அடுத்த தாளை எடுத்தாள். ஒரு பையன் பிடித்த நண்டைக் கடலில் திரும்ப விடுகிறான், ஏன் என்று கேள்வி. பாவமாக இருந்ததால் என்று தாளில் அச்சடித்திருக்கிறது. அது சினை நண்டு, வைத்துக்கொண்டால் அபராதம் கட்ட வேண்டும் என்கிறாள் என் மகள். அக்கா, நீயே சொல், யார் பதில் சரி?

"அவ ரொம்பக் கெட்டிக்காரி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அவ சொல்றது எதுவுமே தாள்ல இல்ல" என்றாள் மிஸ் ஹார்லன்.

"அப்ப தாளைத் திருத்துங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து கம்பீரமாக வெளியே வந்தேன். வந்தேனா, டிரக் கிளம்பவில்லை. கடைசியில் லூசிலும் மிஸ் ஹார்லனும் பின்னாலிருந்து தள்ள, நான் கோபம் குறையாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

இறால் எடை போடும் கொட்டகையில் இதைச் சொன்னதும் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. எங்க பிள்ளைங்களையும் அனுப்ப மாட்டோம், நீ முன்னால நில்லு ஒவீட் என்றார்கள். நின்றேன். மறுநாள் விசாரித்தால், ஒப்புதல் கேட்டு வந்த வீடுகளில் என்னைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசிவரை என் பக்கம் நிற்பவன் காஸ்பார் ஒருவன்தான். அவனுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டிலோ நோயெலா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வருகிறது, மிளகாய் போடாத கம்போ குழம்பாக வருகிறது. இருக்கட்டும். என் பிள்ளையை மட்டம் என்று சொல்லும் தாளில் நான் பெயர் எழுத மாட்டேன். ஆகஸ்டில் அவள் நாலாம் வகுப்பு வாசலில் நிற்பாள், நான் பக்கத்தில் நிற்பேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாதா நல்ல உடம்பும் என்னைப் போன்ற உறுதியும் தரட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் பணியாத தம்பி,
ஒவீட் வெர்டின்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எலோடியைக் கூப்பிட்டு, "அத்தைக்கு எழுதினதைச் சத்தமா வாசி, உங்கம்மா காதுல விழட்டும்" என்றேன். நேராக நின்று, வரி மேல் விரலை ஓட்டி, ஓர் இடத்திலும் தடுக்காமல் வாசித்தாள். "அன்புள்ள ஜெர்மேன் அக்காவுக்கு, நாங்க எல்லாரும் சுகம். படகும் சுகம். இந்த வருஷம் இறால் நல்லா விழுது. ஜூலை நாலாம் தேதி எல்லாரும் வந்துடுங்க. வரும்போது எலோடிக்கு வெள்ளை ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டு வாங்க, பழசு கால் கடிக்குது." சரியான இடத்தில் தாளைக்கூடத் திருப்பினாள். நோயெலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு அழகா எழுதுவீங்களா நீங்க?" என்றாள். அவள் என்னோடு பேசி நாலு நாளாகியிருந்தது.

"சரியா வாசிச்சேனாப்பா?" என்று எலோடி கேட்டாள். சரியாக வாசித்தாய் என்றேன். அக்கா, இத்தனை நாளும் பிள்ளை இப்படித்தான் சமாளித்திருக்கிறாள், எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொண்டு, தனியாக.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வகுப்புக்கு நானே கொண்டுபோய் விடுவேன், இறால் காத்திருக்கட்டும். மேலே எழுதியதில் ஒரு வரியும் அடிக்கவில்லை. பத்திரமாக வைத்திரு, கோடை முடிந்து வரும்போது கையோடு கொண்டு வா. எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியே அவள் உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் அப்பன் எத்தனை பெரிய முட்டாள் என்று அவள் வாயாலேயே நான் கேட்க வேண்டும்.