அடையாள அட்டைக்கு வீட்டு வைத்தியம்

"எங்கட கலியாணச் சேட்டிபிக்கட்டையும் சேத்துத் துவைச்சிருக்கலாமே, மாக்ரெட்! சவுக்காரம் மிச்சம் இருக்குத்தானே!"

பைப்படியில் நின்று றேமண்ட் போட்ட சத்தம் கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுவதும் கேட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவாமியார் கொடுத்துவிட்ட சமாதானம் வீட்டு வாசலோடு சரி. அவன் கையிலிருந்து நுரையும் தண்ணீருமாகச் சொட்டிக்கொண்டிருந்தது அவனுடைய அடையாள அட்டை. நேற்றுப் போட்ட காற்சட்டையின் பின் பையில் இருந்ததை, காற்சட்டையோடு சேர்த்துக் கல்லில் அடித்து, குறை சொல்ல முடியாதபடி துவைத்திருந்தாள் மாக்ரெட்.

"பிளாஸ்டிக் போட்டதுதானே? தண்ணி எப்பிடிப் போகும்?"

"மூலை வெடிச்சு நாலு வருசம்! எத்தினை தரம் சொன்னனான்!"

"சொன்னீங்கதான். ஒட்டினீங்களா?"

றேமண்டுக்கு இன்னும் கோபம் வந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி, அட்டையைப் பார்த்து ஏற்றுகிற காலம். காற்சட்டை இல்லாமல் பஸ் நிறைந்த காலி வீதியில் இறங்கினாலும் ஒரு மனிதன் தப்பி வீடு வந்து சேரலாம். அட்டை இல்லாமல் இறங்கினால் சேரமுடியாது. போன மாதம்தான் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் மூன்று நாள் பொலிஸ் நிலையத்துச் சீமெந்துத் தரையில் படுக்கவைத்தார்கள். வெள்ளவத்தையில் அவன் வேலை செய்கிற ஹாட்வெயார் கடை முதலாளி, "இன்னொருக்கா இப்பிடி வேலைக்கு வராம நிண்டா நான் வேற ஆள் பாப்பன், றேமண்ட், கோவிக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாளைக்குத் திங்கட்கிழமை.

மூன்று நாள் தரையில் கிடந்ததற்குக் காரணம் அட்டையில் இருந்த படம்தான் என்பது றேமண்டின் தீர்மானம். அப்பா மன்னார்த் தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், பதினெட்டு வயதில் எடுத்த அட்டை அது. படத்தில் இருந்தவனுக்குத் தலை கொள்ளாத முடி, ஒட்டிய கன்னம். இப்போது முடி இருந்த இடத்தில் வெயில் படுகிறது. கன்னத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு காவலரணிலும் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ அங்கால நில்" என்பார்கள்.

"என்ர சிங்களத்தில ஒரு பிழை பிடிக்கட்டும் பாப்பம்," என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். "பேர் பெர்னாண்டோ, சிங்களவருக்கும் உள்ள பேர். வேற என்ன குறை? இந்தப் படந்தான் எனக்குச் சனியன்."

குறைந்தபட்சம் அந்தச் சனியனாவது வேண்டுமே. இப்போது அதுவும் ஊறிப் பொருமிக்கொண்டிருந்தது.

"கத்தாதைங்க. வழி இருக்கு." மாக்ரெட் உள்ளே போய் அவளுடைய தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தாள்.

அந்தக் கொப்பியைக் கண்டதும் றேமண்டுக்கு உச்சி கொதித்தது. வாரப் பத்திரிகையில் 'இல்லத்தோழி' என்று ஒருத்தி எழுதுகிற வீட்டுக் குறிப்புகளை வெட்டி, சோற்றுப் பசையால் ஒட்டி, எட்டு வருடமாகச் சேர்த்துவைத்த கொப்பி. எறும்பு வந்தால் இல்லத்தோழி, பால் பொங்கினால் இல்லத்தோழி. எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டுவார்கள், யாரை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று தெரியாத ஊரில், வெள்ளிக் கரண்டியை எப்படி மினுக்குவது என்று வாராவாரம் ஒருத்தி எழுதுகிறாள், அதையும் சனம் வெட்டி ஒட்டுகிறது. யாருடைய வீட்டில் வெள்ளிக் கரண்டி இருக்கிறது?

"'நனைந்த கடிதங்களை அரிசிக்குள் புதைத்துவைத்தால் ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும்,'" என்று மாக்ரெட் வாசித்தாள்.

பிளேட்டால் பிளாஸ்டிக்கைப் பிளந்து, அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோது ஈரம் போயிருந்தது. ஆனால் றேமண்டின் மூக்கில் ஏழு அரிசி ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுக்க, அரிசியோடு மூக்கும் வந்துவிட்டது.

"மூக்குத்தானே," என்றாள் மாக்ரெட். "கண் ரெண்டும் இருக்கு."

"மூக்கில்லாத மனிசனை எங்கயாவது கண்டிருக்கிறியா நீ?"

"அட்டை சுருண்டுபோச்சு. அதை முதல்ல நிமித்துவம். பொறுங்க." பக்கங்கள் புரண்டன. "'சுருங்கிய கடதாசியின்மேல் பத்திரிகைத் தாளை விரித்து, மிதமான சூட்டில் ஸ்திரிக்கை போடவும்.'"

மிதமான சூடு எது என்று இல்லத்தோழி எழுதவில்லை. மாக்ரெட் ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கியபோது அட்டை நன்றாக நிமிர்ந்திருந்தது. பத்திரிகைத் தாளும் அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. உரித்து உரித்துப் பார்த்தார்கள். நெற்றியில் ஒரு சிலுவையும், அதற்குக் கீழே கறுப்புக் கட்டத்துக்குள் இடம் வலம் மாறிச் சில வரிகளும் மிஞ்சின.

"என்ன பேப்பர் இது?" றேமண்ட் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து வாசித்தான். "மாக்ரெட், இது மரண அறிவித்தல். நான் கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சிட்டன் எண்டு போட்டிருக்கு."

"கர்த்தர் கோவிப்பார், அப்பிடிக் கதைக்காதைங்க."

"எனக்கு வாற கோவத்துக்கு அவர் கொஞ்சம் பொறுக்கட்டும்!"

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பௌஸி சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முன் தெருவில் ஃபோட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவர். லெமினேட் பண்ணும் மெஷினும் அவரிடம் உண்டு.

"என்ன றேமண்ட் மச்சான், காலையில இருந்து ஒரே சத்தம் கேக்குது?"

விஷயத்தைச் சொன்னார்கள். பௌஸி அட்டையை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பௌஸி, என்ர புதுப் படம் ஒண்டு இருக்கு. இதுக்கு மேல வைச்சு ஒட்டி லெமினேட் பண்ணித் தாங்க," என்றான் றேமண்ட்.

"அல்லாஹ்வே! அத மட்டும் செய்ய வாணாம். இது பழுதான கார்ட், அவ்வளவுதான். படத்த மாத்தினா கள்ளக் கார்ட். ஒங்களோட சேத்து என்னையும் கொண்டு போவானுங்க. அந்த மவுத்து நியூஸ மட்டும் எடுத்துட்டுக் கொண்டாங்க, நான் ஒட்டித் தாறேன்."

'அச்சு மை படிந்தால் மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சால் மெதுவாகத் துடைக்கவும்.' மாக்ரெட் மெதுவாகத்தான் துடைத்தாள். மரண அறிவித்தல் போகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். சிலுவை போனது. கறுப்புக் கட்டம் போனது. கீழ் வரிசையில் பேனையால் எழுதியிருந்த தமிழும், பின்பக்கத்து மன்னார் விலாசமும் கரைந்து பஞ்சோடு வந்தன. மேல் வரியில் இருந்த சிங்களப் பெயர் தப்பிப் பிழைத்தது. எழுத்தை யார் பார்த்தார்கள்? இருவரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் முழுவதும் மஞ்சளாக எண்ணெய் படர்ந்திருந்தது.

"பரவாயில்லை. 'எண்ணெய்க் கறைக்குப் பற்பசை கைகண்ட மருந்து.'"

"வேண்டாம், மாக்ரெட்."

"இது கடைசி."

"வேண்டாம் எண்டுறன்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் தேய்த்துவிட்டாள். எண்ணெய் போய்விட்டது. படம் இருந்த சதுரம் அலம்பிய பீங்கான் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது மட்டும் மிஞ்சியிருந்தது.

றேமண்ட் கொப்பியை எடுத்து, எட்டு வருடத்தை நடுவால் கிழித்து, குப்பை வாளிக்குள் போட்டான். மாக்ரெட் படியில் குந்தினாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். கோபத்தில் அவனுக்கும் கண் கலங்கியது. ஒரு மனிதன் உயிரோடு முன்னால் நிற்கிறான், கை இருக்கிறது, கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. அவன் அவன்தான் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி வேண்டும் என்றால், யாரை வெட்டுவது?

"அந்த மூண்டு நாளும் நான் நித்திரை கொள்ளேல்ல," என்றாள் மாக்ரெட். "அதுதான் ஒவ்வொண்டாச் செய்து பாத்தனான்."

பௌஸி அந்தக் காதுகளை அப்படியே லெமினேட் பண்ணிக் கொடுத்தார். சல்லி வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை காவலரணில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். மதிலோரமாக ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றார்கள். அந்த மதிலை அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை காலை நேரத்தை அதில் சாய்ந்து கழித்திருக்கிறான்!

இளம் சிப்பாய் அட்டையை வாங்கினான். முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். றேமண்ட் பழக்க தோஷத்தில் நேரே மதிலோரம் போய் நின்றுகொண்டான்.

"எங்க போறீங்க, மாத்தயா?" சிப்பாய் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டான். "பஸ் இந்தப் பக்கம். ஏறுங்க."

ஏறியிருக்கலாம். எந்தப் புத்தியுள்ளவனும் ஏறியிருப்பான். ஆனால் நேற்று முழுவதும் அடங்காத கோபம் றேமண்டை விடவில்லை. மூன்று நாள் சீமெந்துத் தரை, கிழிந்த கொப்பி, படியில் குந்தியிருந்த மாக்ரெட். அவன் திரும்பி வந்து அட்டையைச் சிப்பாயின் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"வடிவாப் பாருங்க!" என்று நல்ல சிங்களத்தில் கத்தினான். "படம் இருக்கேக்க ஒவ்வொரு நாளும் மறிச்சீங்க. இப்ப முகமே இல்லை. இது நான்தான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிப்பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னுடைய ஆளிடம் சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"முகத்தை யார் மாத்தயா பாக்கிறது? கார்டில தமிழ் எழுத்து இருக்கா எண்டுதான் எங்களைப் பாக்கச் சொல்லியிருக்கு."