பரீட்சை அண்ணாச்சி

கல்யாணம் ஆகாத எவரும் தெருவில் தனியாக நடக்கக் கூடாது என்று நம்பிய ஒரே மனிதர், திருவனந்தபுரத்தில் எங்கள் சாலை பஜாரின் பரீட்சை அண்ணாச்சிதான். இரும்புச் சாமான் கடைக்காரர். ஆணி வாங்கப் போனாலும், "பிள்ள யாருகூட ஸ்கூலுக்குப் போவுது?" என்று விசாரித்த பிறகுதான் தராசைத் தொடுவார்.

தனியாகப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அவரே பரீட்சை வைப்பார். பின்னாலேயே போய் ஆட்டோ ஹாரனை அமுக்குவார். துள்ளினால் ஃபெயில். துள்ளாவிட்டாலும் ஃபெயில். "செவி கேக்கல்ல, பின்ன எப்படி ரோட்டத் தாண்டும்?"

தெரு சிரிக்கும். ஆனால் அவர் முகத்துக்கு நேராக யாரும் சிரித்ததில்லை. அவருடைய ஒரே மகன் ஏழு வயதில், "நான் பெரியவனாயிட்டேம்ப்பா" என்று அடம்பிடித்துத் தனியாகக் கிளம்பியவன். பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. யாரோ கூப்பிட்டு பைக்கில் ஏறினான் என்று ஒரு பூக்காரி சொன்னதோடு சரி. அன்று காலை, தனியாகப் போகட்டும் என்றது அண்ணாச்சி; வேண்டாம் என்றது அவர் மனைவி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சே எழுந்ததில்லை.

என் மகள் மீனு நாலாம் வகுப்பு. ஹாரனில் ஏற்கெனவே ஃபெயில். பொறுமை இழந்து சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி, நாளையிலேருந்து அவ தனியாத்தான் போவா."

அண்ணாச்சி ஒரு விசாரணையும் இல்லாமல் தராசைத் தொட்டு, நான் கேட்ட ஆணியை நிறுத்துக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஹெல்மெட், முகமூடி, இரவல் பைக் சகிதம் தெருத் திருப்பத்தில் நின்றிருக்கிறார். குரலை மாற்றி மலையாளத்தில், "மோளே, அம்ம ஆஸ்பத்திரியிலாணு. வேகம் கேறிக்கோ!" என்று ஏறச் சொல்லிப் பின்சீட்டைத் தட்டியிருக்கிறார்.

"அம்மேடெ பேரெந்தா?" என்று கேட்டிருக்கிறாள் மீனு.

என் மனைவியின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளை பிடிக்கிறவனுக்கு அது தெரிந்திருக்குமோ? பேசாமல் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

மீனு போட்ட அலறலில், லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மொத்தமாகப் பாய்ந்தார்கள். பிள்ளை பிடிக்கிறவனுக்குக் கிடைக்க வேண்டிய அத்தனையும் அண்ணாச்சிக்குக் கிடைத்தது. ஹெல்மெட் கழன்ற பிறகும் ஆளை அடையாளம் கண்டுகொள்ள நேரம் பிடித்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

போலீசிடம் புகார் இல்லை என்று சொல்லிவிட்டு, மீனுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்று விம்மினாள். "மாமா, நீங்கன்னு எனக்கு அறியில்லா..."

தையல் போட்ட உதட்டை மெல்ல அசைத்தார். "அழாத மக்களே. நீ பாஸு."

சொன்னவர்தான் உடைந்து அழுதார். கட்டிலோரம் இருந்த அவர் மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அவனுக்கு நாம ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கல்லியே," என்றார். அத்தனை வருஷத்தில் மகனைப் பற்றிய முதல் பேச்சு.

இப்போது அண்ணாச்சி கோலூன்றி நடக்கிறார். பரீட்சை கிடையாது. அவரைக் கண்டால் சில தாய்மார்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்.

இந்த ஜூனில் என் சின்னவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். "இவன எப்பத் தனியா விடலாம்?" என்று மனைவி கேட்டாள்.

"இரு, அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு வாரேன்," என்று சட்டையை மாட்டினேன்.